எழுதுவதற்கு முன் ஓடட்டும்: திருகோணமலை மாவட்ட முன்பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முன்பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்து அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் முன்பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும், குறைந்தது ஒரு மணித்தியாலம் வெளியில் ஓடி விளையாடக் கொடுங்கள். அதை நாளின் முதல் வேலையாக வையுங்கள். எழுத்து, எண், பாட்டு, படம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். மெலிந்த பிள்ளைக்கும் கொடுங்கள், கொழுத்த பிள்ளைக்கும் கொடுங்கள். நிறையைப் பார்த்து யாரை ஓடவிடுவது, யாரை இருத்திவைப்பது என்று தீர்மானிக்காதீர்கள்.

நான் இந்த மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். பிள்ளையைத் தராசில் வைத்துவிட்டு முள் எங்கே நிற்கப்போகிறது என்று பார்க்கும் தாயின் முகத்தை நெடுங்காலம் அருகிலிருந்து பார்த்தவள். ஓய்வுக்குப் பின் பேரப்பிள்ளைகளை முன்பள்ளிக்குக் கூட்டிப்போய் வருகிறேன். வாசலில் நின்று தாய்மாரோடும் ஆசிரியைகளோடும் கதைக்கிறேன். அங்கே கண்டதும், பணியில் கற்றதும், பிறகு தேடி வாசித்ததும் சேர்ந்தே இம்மடலை எழுத வைத்தன.

நகரத்து முன்பள்ளி ஒன்றின் காலை நேரத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இதே போல இன்னும் பல இருக்கின்றன. எட்டரைக்கு இறைவணக்கம். அது முடிந்ததும் பிள்ளைகளைப் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருத்தி, புள்ளியிட்ட எழுத்தின் மேல் பென்சிலால் எழுதும்படி கொப்பியைக் கொடுக்கிறார்கள். நான் யன்னலோரம் நின்று நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு மேலே அவனுடைய கை 'அ' எழுதிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே கால்கள் ஓயவேயில்லை. நிலத்தில் எட்டாத அந்தக் கால்கள் முன்னும் பின்னும் ஆடின. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. மற்றக் காலால் துழாவினான், அகப்படவில்லை. கதிரையிலிருந்து சறுக்கி இறங்கினான். இறங்கியவன் செருப்பை எடுக்காமல் இரண்டு துள்ளுத் துள்ளினான். "கதிரையில் இரு" என்று குரல் வந்தது. ஏறி இருந்தான். கால்கள் மறுபடி ஆடத் தொடங்கின.

பத்து மணிக்கு இடைவேளை. கை கழுவி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, உண்டு முடிக்கவே அதில் பாதி போய்விடுகிறது. மீதி நேரத்தில் முற்றத்திலிருக்கும் ஒரேயொரு சறுக்கியின் முன்னால் வரிசை. ஒரு பிள்ளை சறுக்க, பதினைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. மறுபடி கதிரை. பதினொன்றரைக்கு வீடு. அந்த மூன்று மணித்தியாலத்தில் அந்தப் பையன் மூச்சு வாங்க ஓடியதை நான் காணவில்லை.

அங்கிருந்த ஆசிரியையை நான் குறைசொல்ல மாட்டேன். சிறு கொடுப்பனவுக்கு வேலை செய்கிற பெண் அவர். நிர்வாகம் கேட்பது நிரம்பிய கொப்பி, பெற்றோர் கேட்பதும் அதுவே. இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான். நேர அட்டவணை உங்கள் கையில் இருக்கிறது.

இனி, கொழுப்பு. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். கன்னம் உப்பிய பிள்ளையைக் கண்டால் "நல்ல சுகதேகி, கண்ணூறு பட்டுவிடும்" என்பார்கள். எலும்பு தெரியும் பிள்ளையைக் கண்டால் "இதற்கு எங்கே கொழுப்பு, ஓடவிட்டால் இருக்கிறதும் கரைந்துவிடும்" என்பார்கள். இரண்டுமே பிள்ளையை இருத்திவைப்பதில் போய் முடிகின்றன.

பிள்ளையின் உடலில் கொழுப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குக் கொழுப்பு வேகமாகச் சேர்கிறது. ஆறு மாதமளவில் உடல் நிறையில் ஏறத்தாழக் கால்வாசி கொழுப்புத்தான். அது வேண்டியதும்கூட. எழுந்து நடக்கத் தொடங்கியபின் அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து, ஐந்து வயதளவில் நூற்றுக்கு 15 அளவுக்கு வந்து நிற்கிறது. மூன்று வயதில் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை ஐந்து வயதில் விலா எலும்பு தெரிய நிற்பதைக் கண்டு தாய்மார் கலங்குகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளில் அது வளர்ச்சியின் ஒழுங்கு. ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகு உயரத்துக்கான நிறை மறுபடி ஏறத் தொடங்கும். இந்த மறு ஏற்றத்தைப் பிரான்சில் ரோலன்-கஷெரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984இல் விளக்கி எழுதினார்கள். யாருக்கு அது மிக முந்தித் தொடங்குகிறதோ, அவர்கள் பின்னாளில் மிகை நிறை உள்ளவர்களாகும் வாய்ப்புக் கூடுதல் என்பது அன்றிலிருந்து பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. கொழுப்பு இறங்கி மறுபடி ஏறுவதற்கு இடைப்பட்ட அந்த ஆண்டுகள் எவை என்று பாருங்கள். மூன்று, நான்கு, ஐந்து. பிள்ளை உங்கள் கதிரையில் இருக்கும் ஆண்டுகள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நம் நாட்டின் துயரம் மெலிவுதானே, நீ ஏன் கொழுப்பைப் பேசுகிறாய் என்று. உண்மை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வது இது: இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூறு பேரில் 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தார்கள், 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள், மிகை நிறை 2 பேருக்குத்தான். அதற்குப் பிறகு பொருளாதார நெருக்கடியும் வந்து போனது. பால்மா வாங்க முடியாமல் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன். மெலிவை நான் சிறிதாக்கவில்லை.

ஆனால் தராசு காட்டாத ஒன்று இருக்கிறது. நிறை என்பது எலும்பும் தசையும் நீரும் கொழுப்பும் சேர்ந்தது. தராசுக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பதினான்கு கிலோ நிறையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குத் தசை கூடுதலாகவும், மற்றதற்குக் கொழுப்புக் கூடுதலாகவும் இருக்கலாம். சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டில்தான் விழும். நம் தெற்காசியப் பிள்ளைகளில் இது வெறும் 'இருக்கலாம்' இல்லை. இந்தியாவின் புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர், அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். இந்தியக் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. கை, வயிறு, தலை, நீளம் எல்லாவற்றிலும் நம் குழந்தைகள் சிறியவர்கள். முதுகில் தோலுக்கடியிலிருந்த கொழுப்பில் மட்டும் அந்தக் குறைவு மிகச் சொற்பம். மெலிந்த உடலுக்குள் கொழுப்பு, பிறப்பிலேயே. நம் நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவ ஆய்வாளர்கள், உயரத்துக்கான நிறையை வைத்து வெளிநாட்டவர் வகுத்த எல்லைகள் இலங்கைப் பிள்ளைகளின் கொழுப்பைப் பிடிக்கத் தவறுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். நிறை சரியென்று புத்தகம் சொல்லும் பிள்ளைக்குள்ளும் கொழுப்பு மிகையாக இருக்க முடியும். நாற்பது வயது தாண்டுமுன்பே நீரிழிவு மாத்திரை போடுகிறவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பருமனானவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே "நிறை ஏறவில்லை, ஓடவிடாதீர்கள் ரீச்சர்" என்று வாசலில் நின்று தாய் கேட்கும்போது, தயவுசெய்து தலையாட்டாதீர்கள். மெலிந்த பிள்ளைக்கு வேண்டியது வெறும் நிறை இல்லை. அதற்குத் தசை வேண்டும், எலும்பு வேண்டும். இரண்டும் உணவாலும் அசைவாலும் சேர்ந்தே வளர்கின்றன. பயறும் முட்டையும் மீனும் கொடுங்கள், கொடுத்துவிட்டு ஓடவும் விடுங்கள். ஓடி வந்த பிள்ளை கேட்டு உண்ணும். இருத்திவைத்த பிள்ளைக்குக் கைத்தொலைபேசியைக் காட்டித்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது. கடும் மெலிவுள்ள பிள்ளை, இருதய நோயோ இழுப்போ உள்ள பிள்ளை என்றால் வைத்தியர் சொல்வதே முடிவு. அப்படிப்பட்டவர்கள் சிலர். அவர்களைக் காட்டி மற்ற எல்லோரையும் கட்டிவைக்கக் கூடாது.

சிறு வயது ஓட்டத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பைப் பிற நாடுகளில் கருவி பூட்டி அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் நான்கு வயதிலிருந்து பதினொரு வயது வரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். கூடுதலாக ஓடியாடிய பிள்ளைகளுக்குத் தோலடிக் கொழுப்பு ஏறியது குறைவாக இருந்தது. அயோவா மாநிலத்தில் ஐந்து வயதில் சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்குப் பின்னாளில், எட்டிலும் பதினொன்றிலும், கொழுப்புக் குறைவாகக் காணப்பட்டது. சவுத்தாம்ப்டனில் நான்கு வயதுப் பிள்ளைகளை அளந்தபோது, மூச்சு வாங்க ஓடும் ஓட்டத்துக்கும் குறைந்த கொழுப்புக்கும் இடையில்தான் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. மெல்ல நடப்பதைவிட, வியர்க்க வியர்க்க ஓடுவது.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்களிடம் பாதியைத்தான் சொன்னவளாவேன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 36 முன்பள்ளிகளைச் சேர்ந்த 545 பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனை 2006இல் வெளியானது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு அரை மணித்தியாலம், 24 வாரம் விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். உயரத்துக்கான நிறையில் மாற்றம் எதுவும் வரவில்லை. துள்ளுவது, தாவுவது, பந்து பிடிப்பது போன்ற உடல் திறன்கள் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தன. இங்கிலாந்தின் பிளிமத்தில் ஏழிலிருந்து பத்து வயது வரை பின்தொடர்ந்த ஆய்வோ, ஓடாததால் கொழுப்புச் சேர்ந்ததாகத் தெரியவில்லை, கொழுப்புக் கூடிய பிள்ளைகளே பிறகு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்று சொன்னது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின் என் முடிவு இது. வாரத்தில் மூன்று நாள் அரை மணித்தியாலம் பிள்ளைகளை ஆட்டுவித்துவிட்டு, கொழுப்புக் குறைந்ததா என்று தராசைப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஓட்டத்தை மருந்து போல, கொழுத்த பிள்ளைக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு நாளும் உரிய சோறும் தண்ணீரும் போன்றது. பிளிமத் ஆய்வு என்னைப் பயமுறுத்துகிறது. பிள்ளை பருத்தபின் விளையாட்டை விட்டு விலகுகிறதென்றால், விலகுவதற்கு முன்னைய வயதில், ஓடுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாத வயதில், அந்த ஆசையைக் காப்பாற்றுவதே நம் கையிலுள்ள வழி.

விலகல் எப்படித் தொடங்குகிறது என்பதையும் கண்டிருக்கிறேன். "குண்டன்" என்று ஒரு பிள்ளை கூப்பிடும், மற்றவர்கள் சிரிப்பார்கள், ஆசிரியையும் செல்லமாக அப்படியே கூப்பிடத் தொடங்குவார். ஓட்டத்தில் பின்தங்கியதும் அந்தப் பிள்ளை ஆசிரியையின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த வாரம் ஓடவே வராது. ஒரு பிள்ளையின் உடலைச் சொல்லிக் கூப்பிடும் பெயர் எதுவும் உங்கள் வளவுக்குள் கேட்கக் கூடாது. "நெத்தலி" என்பதும் கூடாது. மற்றப் பிள்ளைகளின் முன்னால் நிறையை வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்குமளவு இருக்க வேண்டும். தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓரிடத்தில் கட்டிவைக்கக் கூடாது. திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணித்தியாலம்.

இந்தக் கணக்கை நம்மூர்ப் பிள்ளையின் நாளில் பொருத்திப் பாருங்கள். முன்பள்ளிக்கு முச்சக்கர வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ போகிறது. பகலில் வெயில். பின்னேரம் தாய் சமைக்கும்வரை தொலைக்காட்சி அல்லது கைத்தொலைபேசி. உவர்மலையிலும் உட்துறைமுக வீதிப் பக்கத்திலும் வாடகைக்கு இருக்கும் பல குடும்பங்களுக்கு முற்றமே இல்லை. கதவைத் திறந்தால் தெரு, தெருவில் பஸ். இத்தனை அழகான கடற்கரை இருக்கிறதே என்று வெளியூரார் கேட்பார்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட தாய், தன் பிள்ளையைக் கடலோரம் ஓடவிட இன்றும் நெஞ்சு பதைக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கம் பெரிய வளவும் மரநிழலும் இன்னும் இருக்கின்றன. அங்கேயும் பின்னேரங்களில் பிள்ளைகள் திண்ணையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருப்பதைக் காண்கிறேன். ஓட வேண்டிய நேரத்தை வீடு கொடுக்க முடியாமல் போன இடத்தில் முன்பள்ளி அதைக் கொடுத்தாக வேண்டும்.

முன்பள்ளியால் அது முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தென் கரோலினாவில் ஒன்பது முன்பள்ளிகளின் பிள்ளைகளை அளந்த ஆய்வொன்று 2004இல் வந்தது. ஒரு பிள்ளை எவ்வளவு அசைகிறது என்பது அது எந்த முன்பள்ளிக்குப் போகிறது என்பதில் பெரிதும் தங்கியிருந்தது. அதே மாநிலத்தில் பிறகு நடந்த ஆய்வுகளில், நிலத்தில் ஊன்றிய சறுக்கியும் ஏணியும் நிறைந்த முற்றத்தைவிட, வெறும் திறந்தவெளியும் எடுத்துத் திரியக்கூடிய பந்து போன்ற பொருள்களும் உள்ள இடத்தில்தான் பிள்ளைகள் கூடுதலாக ஓடினார்கள். அந்த ஒற்றைச் சறுக்கி வரிசையை நினைத்துப் பாருங்கள். நன்கொடையாளரிடம் அடுத்த முறை பெரிய இரும்புச் சறுக்கி கேட்காதீர்கள். இருபது பந்து கேளுங்கள்.

நிர்வாகக் கூட்டங்களில் எழும் மறுப்புகளை நான் அறிவேன். வெயில் என்பார்கள். சரிதான், வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பத்து மணிக்கு மணல் சுடும். அதனால்தான் விளையாட்டை முதல் வேலையாக வையுங்கள் என்கிறேன். எட்டரைக்கு வெயில் தாங்கும். வேம்பு நிழல் இல்லாத வளவில் கிடுகுக் கொட்டகை ஒன்று போடலாம். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்கவைத்தால் போதும். கார்த்திகை, மார்கழி மழைக்கு வேறு வழி. கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு மண்டபத்துக்குள் தவளைப் பாய்ச்சல், தாரா நடை, நண்டு நடை. இடம் இல்லை என்பார்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ முன்பள்ளிகள் கோயில் வளவிலும் பள்ளிவாசல் வளவிலும் தேவாலயத்தின் பக்கத்திலும் பல்நோக்கு மண்டபத்திலும் நடக்கின்றன. காலையில் ஒரு மணித்தியாலம் அந்த வெளி வீதியைத் தாருங்கள் என்று கேட்டால் எந்தப் பரிபாலன சபையும் மறுக்காது. பணம் இல்லை என்பார்கள். பழைய மோட்டார் சைக்கிள் டயர், சாக்கு, கயிறு, கயிறு கோத்து ஏறி நடக்க இரண்டு சிரட்டை. இதற்குப் பணம் வேண்டாம்.

விழுந்துவிடும் என்பார்கள். விழும். முழங்கால் உரசும், சிலவேளை அழும். மண்ணை அள்ளிப்போட்டுக் கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி எறிந்த முற்றத்தில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் நேர்வதில்லை. உரசிய முழங்காலைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரும் பெற்றோரை ஆசிரியை தனியாகச் சந்திக்க விடாதீர்கள். நிர்வாகம் முன்னால் வந்து நில்லுங்கள்.

பெரிய மறுப்பு வேறொன்று. "எங்கள் பிள்ளை இன்னும் எழுதவில்லை" என்பது. பெற்றோர் வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு என்ன எழுதினார்கள்?" என்பதுதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நான்கு வயதுப் பிள்ளையின் கொப்பி வரைக்கும் நீண்டுவிட்டது. ஒரு முன்பள்ளி எழுத்தைக் குறைத்தால் அடுத்த தெரு முன்பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் பொய்யென்று சொல்ல மாட்டேன். இரண்டொரு பிள்ளைகள் போகவும் கூடும். ஆனால் தரம் ஒன்றில் எழுத்தைத் தொடக்கத்திலிருந்துதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான்கு வயதில் பென்சிலைப் பிடித்து அழுத்தி அழுத்தி எழுதும் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் இன்னும் திடப்படவில்லை. தொங்கவும் எறியவும் பிடிக்கவும் தவழவும் செய்த கைக்குத்தான் பென்சில் இலகுவாக வசப்படும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகத் தலைவர் தம் வாயால் சொல்ல வேண்டும். ஆசிரியை சொன்னால் சோம்பலுக்குச் சாக்கு என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஓரிரு ஊர்களில் எல்லா முன்பள்ளிகளும் சேர்ந்து ஒரே நாளில் இதைத் தொடங்கினால், அடுத்த தெருவுக்குப் போவதற்கும் இடமிருக்காது.

ஒரு மணித்தியால ஓட்டம் என்றதும் விசிலும் வரிசையும் உடற்பயிற்சியும் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடாது. அரை நிமிடம் பறக்கும், நிற்கும், குந்தியிருந்து எறும்பு பார்க்கும், மறுபடி பறக்கும். அதுதான் அந்த வயதின் ஓட்டம். ஓடிப்பிடித்து, ஒளித்துப்பிடித்து, கெந்தித் தொடுதல் போன்ற, பிடிபட்டாலும் வெளியேற வேண்டாத விளையாட்டுகளாகப் பாருங்கள். வெளியேறியவர் மரத்தடியில் இருக்க வேண்டுமென்றால், மெதுவாக ஓடும் பிள்ளைதான் எப்போதும் மரத்தடியில் இருக்கும். சங்கீதக் கதிரை அதற்கு நல்ல சாட்சி. முதலாவதாக வெளியேறுவது யார் என்று எல்லா ஆசிரியைகளுக்கும் முன்கூட்டியே தெரியும்.

இதே குறை நம் வருடாந்த விளையாட்டுப் போட்டியிலும் இருக்கிறது. ஒரு மாதம் அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் பழக்குகிறோம். பிள்ளைகள் தங்கள் முறைக்காக வெயிலில் நிற்கும் நேரமே கூடுதல். அன்று ஒருவர் கிண்ணம் வாங்குகிறார், பிரமுகர்கள் பேசுகிறார்கள், மறுநாளிலிருந்து அடுத்த ஆண்டு வரை கதிரை. விழா வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்குச் செலவிடும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கு மற்ற நாள்களுக்கும் வரட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதிலேயே "நீங்கள் நிழலில் இருந்து பூக் கட்டுங்கள்" என்று அவர்களை ஒதுக்குகிறோம். விறைத்த சட்டையும் சப்பாத்தும் போட்டு அனுப்புகிறோம். ஓடினால் "பெண் பிள்ளை மாதிரியா இருக்கிறாய்" என்கிறோம். எந்தச் சமூகத்தவராயினும் இதில் நாம் ஒன்றாகவே இருக்கிறோம். பெண்ணின் எலும்பு உறுதிப்படுவது இளமையில்தான். சீருடையில் ஒரு காற்சட்டையைச் சேர்த்துவிட்டால் பாதி மறுப்பு தீர்ந்துவிடும். நடக்க முடியாத, பார்வை குறைந்த பிள்ளையும் வளவுக்குள் வரட்டும். பந்தை உருட்டவும் கயிற்றை இழுக்கவும் அந்தப் பிள்ளைக்கும் முடியும்.

உணவைப் பற்றி நீட்டிப் பேச வரவில்லை. பிறந்தநாளுக்கு வரும் கேக்கும் ரொபியும் வாரத்தில் இரண்டு முறையாகிவிட்டன என்பதையும், அவித்த கடலையும் பழமும் கொண்டுவரும் பிள்ளையை மற்றவர்கள் ஏளனமாகப் பார்க்கும் நிலை வந்துவிட்டது என்பதையும் மட்டும் கவனியுங்கள். பாட்டுப் பழக்கவென்று மாட்டிய தொலைக்காட்சி ஆசிரியை களைத்த நேரமெல்லாம் ஓடுகிறது என்பதையும்.

பணியகத்து அதிகாரிகளிடம் நான் கேட்பது இரண்டு. முன்பள்ளியைப் பார்வையிட வரும்போது கொப்பிகளைப் புரட்டுவதற்கு முன் வளவைப் பாருங்கள். இன்று இந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஓடினார்கள், எவ்வளவு நேரம் ஓடினார்கள் என்று கேளுங்கள். அதிகாரி எதைக் கேட்கிறாரோ அதைத்தான் நிர்வாகம் செய்யும். இது எல்லோரும் அறிந்தது. இரண்டாவது, ஆசிரியைகளுக்கு நடத்தும் பயிற்சியில் விளையாட்டை ஒரு பாடவேளையாக ஒதுக்கி முடித்துவிடாமல், அவர்களையே வளவுக்குக் கூட்டிவந்து ஓடவைத்துப் பழக்குங்கள். பல ஆசிரியைகள் சிறுவயதில் கிளித்தட்டு ஆடியவர்கள். அவர்களுக்கு அது மறந்திருக்காது. கொடுப்பனவை உயர்த்துவதும் இந்த மடலுக்கு வெளியே உள்ள விடயமில்லை. ஒரு மணித்தியாலம் முப்பது பிள்ளைகளோடு ஓடச் சொல்லிக் கேட்கும் நாம், வயிறாற உண்ணும் அளவுக்காவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்த தவணை தொடங்குமுன் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நேர அட்டவணையில் 8.45 முதல் 9.45 வரை என்ற கட்டத்தில் 'வெளி விளையாட்டு' என்று எழுதி, அதன் பிரதியைப் பெற்றோர் பார்க்கும்படி வாசலில் ஒட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரையும் சுகாதார வைத்திய அதிகாரியையும் அழையுங்கள். அவர்களுக்கு நேரமில்லாவிட்டால் என்னை அழையுங்கள். குச்சவெளியானாலும் ஈச்சிலம்பற்றானாலும் பஸ் ஏறி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை